கோயில் முகவரியிலிருந்து கோயிலுக்கே வந்த பொய் மெயில்: பிளாக் பண்ணி நாங்கள் செய்த தப்பு

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயந்திர பூஜை முடிந்து வீட்டுக்குப் போய் சாவகாசமா படிச்சாலும் சரி. போன ஆடி மூணாவது வெள்ளி அன்னிக்கு நம்ம கோயிலில் நடந்த குழப்பத்துக்குக் காரணம் என்னன்னு பல பேர் பல மாதிரி பேசிக்கிறாங்க. கோயில் மெயிலை யாரோ 'ஹேக்' பண்ணிட்டாங்கன்னு ஒரு வாட்ஸ்அப் செய்தி வேற சுத்துது. அதெல்லாம் இல்லை. தப்பு எங்கள் பக்கம்தான், தொண்டூழியர்கள் பக்கம். நடந்ததை நடந்தபடியே சொல்றோம்.

அன்னிக்குக் காலையில் ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு காரில் வந்து இறங்கியது. காலை நாலு மணிக்கே கிளம்பி வந்திருக்காங்க. பால்குடம், நூற்றைம்பது பேருக்கு அன்னதானம், பூமாலை எல்லாம் ஏற்பாடு பண்ணிக்கொண்டு வந்துட்டாங்க. அந்த வீட்டு அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் வருஷா வருஷம் செய்த உபயம் அது. அவங்க தவறிய பிறகு பிள்ளைகள் முதல் முறையாக எடுத்துச் செய்கிறார்கள். பலகையில் உபயகாரர் பட்டியலைப் பார்த்தால் அவங்க பேர் இல்லை, வேறு ஒரு குடும்பத்தின் பேர் இருக்கு. பெரியவர் பலகை முன்னால் நின்றுகொண்டு கண்ணாடியைக் கழற்றி, துடைச்சு, மறுபடியும் போட்டுப் பார்த்தார். அவர் கோபப்படவே இல்லை. 'தம்பி, நாங்க வெப்சைட்ல ஃபாரம் போட்டோமே, கிடைச்சதுன்னு வந்துச்சே' என்று ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஜூன் மாசம் முதல் வாரத் தேதி. நம்ம கோயில் வெப்சைட்டேதான்.

பேர் போட்டிருந்த குடும்பம் பெரிய மனசு பண்ணி, சேர்ந்தே செய்வோம் என்றார்கள். குருக்கள் இரண்டு வீட்டுக்கும் சங்கல்பம் செய்து வைத்தார். அதனால் அன்னிக்கு மானம் தப்பியது. ஆனால் அந்தத் தாளை எங்களால் மறக்க முடியவில்லை. அந்த ஃபாரம் எங்கே போச்சு?

கதை அதற்கு மூணு மாசத்துக்கு முன்னாடி ஆரம்பிக்குது. சித்ரா பௌர்ணமி முடிந்த கையோடு கோயில் இன்பாக்ஸில் ஒரு மாதிரியான மெயில்கள் வரத் தொடங்கின. அனுப்புனர் பேரில் நம்ம கோயில் முகவரி. பெறுநர் பேரிலும் நம்ம கோயில் முகவரி. உள்ளே ஆங்கிலத்தில், உன் கணக்கு என் கையில், பார், உன் முகவரியிலிருந்தே உனக்கு எழுதுகிறேன், இதுவே சாட்சி, இத்தனை டாலர் பிட்காயினில் அனுப்பு, இல்லாவிட்டால் உன் அசிங்கமான வீடியோவை எல்லாருக்கும் அனுப்புவேன் என்கிற மாதிரி. கோயில் மெயிலுக்கு என்ன அசிங்கமான வீடியோ? சிரிப்புதான் வந்தது. நாளுக்கு நாலைந்து வந்ததும் சிரிப்பு போச்சு.

எங்களில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பி, நல்ல எண்ணத்தோடுதான், ஒரு ஃபில்டர் போட்டான். நம்ம முகவரியிலிருந்து நம்ம முகவரிக்கு எது வந்தாலும் நேரா டிலிட். நாம எதுக்கு நமக்கே மெயில் அனுப்பப் போறோம், சரியான யோசனைதானே? நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். மறுநாளிலிருந்து ஒரு பொய் மெயிலும் இல்லை. தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தோம்.

நாம நமக்கே மெயில் அனுப்பத்தான் செய்றோம், அது எங்களுக்குத் தெரியலை. வெப்சைட்டில் உபயம் ஃபாரம் நிரப்பினால், அந்த ஃபாரம் கோயில் முகவரியைப் போட்டுத்தான் கோயில் முகவரிக்கு மெயில் அனுப்பும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். பல வெப்சைட்டில் அப்படித்தான். ஆபீசில் இருக்கும் போட்டோஸ்டாட் மெஷினில் ஒரு ரசீதை ஸ்கேன் பண்ணினாலும் அதே கதைதான், நம்ம பேரிலிருந்து நம்ம பேருக்கு. மெஷின் விஷயம் இரண்டாம் நாளே தெரிந்தது, ஸ்கேன் வரலை. மெஷின் கோளாறு என்று நினைத்து டெக்னீஷியனைக் கூப்பிட்டு எண்பது வெள்ளி கொடுத்தோம். அவரும் துடைச்சு, திறந்து, மூடிவிட்டுப் போனார். அப்பவாவது ஒருத்தருக்கு மூளை வேலை செய்திருக்கணும். செய்யலை.

டிலிட் ஆன மெயில் ஜிமெயில் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். நம்ம கோயில் மெயில் ஜிமெயில் வழியாத்தான் ஓடுது. அன்னிக்கு மத்தியானம் அன்னதானம் முடிந்ததும் நாங்கள் உட்கார்ந்து தோண்டினோம். பதினாலு உபய ஃபாரம் கிடைச்சது. அதற்கு முன்னாடி வந்தது எல்லாம் போனது போனதுதான். ஈப்போ குடும்பத்தோடதும் அதில் அடக்கம். புரட்டாசி சனிக்கும் நவராத்திரிக்கும் யார் யார் பதிந்தார்கள் என்று தெரியாது. போன வருஷ உபய நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகப் போன் அடித்தோம். மூணு ராத்திரி ஆச்சு.

இப்போ எங்கள் கருத்துக்கு வர்றோம். நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு யோசனை வந்தது. மெயிலே வேண்டாம், எல்லாம் வாட்ஸ்அப்பில் பண்ணிக்கலாம் என்பது ஒன்று. இன்னும் நல்ல பிளாக்கரா காசு கொடுத்து வாங்கிப் போடலாம் என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை என்பது எங்கள் எண்ணம். வாட்ஸ்அப்பில் வருவது யாரோ ஒரு தொண்டூழியரின் சொந்தக் கைப்பேசிக்குப் போகும். அவர் ஊருக்குப் போனால் உபயமும் அவரோடு ஊருக்குப் போகும். பிளாக்கர் விஷயத்தில், எதைப் பார்த்து பிளாக் பண்ணணும் என்பதே எங்களுக்குப் புரியாமல் இருந்தது. பேரைப் பார்த்து பிளாக் பண்ணினோம். பேரைத்தான் திருடன் திருடியிருக்கிறான். பேரைத் தடுத்தால் பேருக்குச் சொந்தக்காரனும் வெளியில்தான் நிற்பான்.

மெயிலில் அனுப்புனர் பேர் என்பது கடிதத்தின் மேலே நாம் எழுதும் 'அனுப்புநர்' மாதிரி. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தபால்காரர் அடையாள அட்டை கேட்பதில்லை. 1982-ல் மெயில் அனுப்பும் முறையை எழுதி வைத்தபோது, அதைப் பயன்படுத்தியது ஒருத்தரை ஒருத்தர் தெரிந்த பல்கலைக்கழக ஆட்களும் ஆராய்ச்சிக்காரர்களும்தான். அனுப்புகிறவன் சொன்ன பேரை அப்படியே நம்பினார்கள். அந்த அடிப்படையில்தான் இன்றைக்கும் மெயில் ஓடுது. அதனால் உங்கள் முகவரியிலிருந்து உங்களுக்கே மெயில் வந்தால், உங்கள் கணக்குக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. யாரோ உங்கள் பேரை எழுதிப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றோம் என்றால், இந்தப் பொய் மெயில் கோயிலுக்கு மட்டும் வரலை. நம்ம பக்தர் ஒருத்தர், வயசான ஐயா, யார் என்று சொல்ல மாட்டோம், ஒரு சனிக்கிழமை எங்களில் ஒருத்தரை ஓரமாகக் கூப்பிட்டு 'தம்பி, இந்த பிட்காயின் எங்க வாங்குறது' என்று கேட்டார். ஐயா இந்த வயசில் முதலீடு பண்றாரே என்று கிண்டல் பண்ணினோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் வந்து அதையே கேட்டார். கை நடுங்குது. அப்புறம்தான் போனைக் காட்டினார். அதே மெயில். அவர் முகவரியிலிருந்து அவருக்கே. பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லையாம். வீட்டில் மகன், மருமகள், பேத்தி எல்லாரும் இருக்காங்க, யாரிடமும் சொல்லலை. அவர் ஒரு தப்பும் பண்ணலை. ஆனாலும் தன் பேர் போட்டு வந்த மெயில் என்பதால், தான் எங்கேயோ ஏதோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்றே நம்பிவிட்டார்.

திருடன் சம்பாதிப்பது அந்த வெட்கத்தில்தான். 2018-லிருந்தே இந்த மாதிரி மெயில் உலகம் முழுக்கச் சுத்துது. லட்சக்கணக்கான பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறான், பேரை மட்டும் மாற்றி. சிலதில் உங்களோட பழைய பாஸ்வேர்டையோ போன் நம்பரையோ போட்டு இன்னும் பயமுறுத்துவான். அதுவும் சாட்சி இல்லை. 2017-ல் நம்ம நாட்டிலேயே 4 கோடி 60 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்து நியூஸில் வந்தது, ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி கசிந்த பட்டியலை வைத்துத்தான் எழுதுகிறான்.

உண்மையிலேயே யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று பார்க்க வழி இருக்கு. ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, அந்த மெயிலின் மேலே மூணு புள்ளி இருக்கும், அதைத் தட்டினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். அதில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூணு வரி. 'ஃபெயில்' என்று போட்டிருந்தால் அது உங்கள் கணக்கிலிருந்து வந்த மெயில் இல்லை, பேரைத் திருடி எழுதினதுதான். அதோடு 'சென்ட்' பெட்டியைப் பாருங்க. உங்கள் கணக்கில் எந்தெந்த போன், கம்ப்யூட்டர் உள்ளே இருக்கு என்று செக்யூரிட்டி பக்கத்தில் பாருங்க. செட்டிங்ஸில் நீங்கள் போடாத ஃபில்டரோ, வேறு முகவரிக்கு ஃபார்வர்டோ இருக்கா பாருங்க. உண்மையில் நுழைந்தவன் அங்கேதான் கை வைப்பான். ஐயாவுக்கு உட்கார்ந்து இதெல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. இரண்டு படி பாதுகாப்பைப் போட்டுக் கொடுத்தோம். மறு வாரம் பஜனைக்கு வந்தார், முன்வரிசையில்.

சரி, ஷோ ஒரிஜினலில் அந்த மூணு வரி என்னன்னு சொல்லணும். எங்களில் பாதிப் பேர் ஃபேக்டரியில் வேலை, அதனால் எங்களுக்குப் புரிந்த மாதிரியே சொல்றோம். ஃபேக்டரி கேட்டில் ஜாகா கையில் ஒரு லிஸ்ட் இருக்கும், நம்ம கம்பெனி சார்பில் எந்தெந்த லாரி வரலாம் என்று. அதுதான் எஸ்.பி.எஃப். கண்டெய்னரில் நம்பர் போட்ட சீல் இருக்கும், வழியில் யாராவது திறந்தால் தெரிஞ்சிடும். அது டி.கே.ஐ.எம். இந்த இரண்டில் ஒன்றாவது லாரியில் எழுதியிருக்கும் பேரோடு ஒத்துப் போகலைன்னா ஜாகா என்ன செய்யணும் என்று மேனேஜ்மென்ட் எழுதி ஒட்டிய உத்தரவு இருக்கே, அதுதான் டிமார்க். உள்ளே விடு, ஆனா எனக்கு ரிப்போர்ட் பண்ணு என்று எழுதலாம். ஓரமா நிறுத்து என்று எழுதலாம். திருப்பி அனுப்பு என்றும் எழுதலாம். இது மூணும் டொமைனின் செட்டிங்கில் போடும் சில வரி எழுத்து, அவ்வளவுதான். ஒரு வெள்ளி கூடத் தனிச் செலவில்லை. டிமார்க் முறை 2015-லேயே எழுதி வெளியிட்டாச்சு. நம்ம கோயில் டொமைனில் எதுவுமே இல்லை. கேட் இருக்கு, ஜாகா இருக்கார், லிஸ்டும் இல்லை உத்தரவும் இல்லை. நம்ம பேர் எழுதிய எந்த லாரியும் உள்ளே வரலாம் என்று விட்டு வைத்தது நாமதான்.

ஏன் யாரும் போடலை? இங்கேதான் கொஞ்சம் சங்கடமான விஷயம். டொமைன் கோயில் பேரில் இல்லை. பல வருஷத்துக்கு முன்னாடி இருந்த நிர்வாகத்தில் ஒருத்தர் வெப்சைட் செய்து கொடுத்தபோது தன் சொந்தப் பேரில் பதிந்தார். கெட்ட எண்ணம் இல்லை, அவசரத்துக்குச் செய்தது. அப்புறம் நிர்வாகம் மாறியது, மறுபடியும் மாறியது, பாஸ்வேர்டு அவரிடமே நின்றுவிட்டது. உண்டியலைத் திறக்க மூணு சாவி, மூணு பேர் கையெழுத்து. அம்மன் நகைப் பெட்டிக்கு லெட்ஜர். ஆனால் கோயிலின் பேரையே வைத்திருக்கும் டொமைனுக்கு ஒரு நோட்டிலும் ஒரு வரி கூட இல்லை. டொமைனும் கோயில் சொத்துதான், நிர்வாகம் மாறும்போது சாவியோடு சேர்த்து அதையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கணும் என்று நாங்கள் கூட்டத்தில் சொன்னோம். சிலருக்குப் பிடிக்கலை. பழைய ஆளைச் சந்தேகப்படுறீங்களா என்று கேட்டார்கள். சந்தேகம் இல்லைங்க. அந்த அண்ணனே கேட்டதும் சந்தோஷமாக மாற்றிக் கொடுத்தார், இத்தனை வருஷம் தன் கார்டிலிருந்தே பணம் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார் பாவம். அவருக்கு நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன பண்ணுவோம் என்பதுதான் எங்கள் கேள்வி.

டொமைன் கைக்கு வந்ததும் எடுத்தவுடனே திருப்பி அனுப்பு என்று போடவில்லை. ஒரு தடவை சூடு பட்டது போதும். முதலில் உள்ளே விடு, ரிப்போர்ட் மட்டும் பண்ணு என்று போட்டு மூணு வாரம் பார்த்தோம். ரிப்போர்ட் படிக்கவே கஷ்டமான மொழியில் வரும், தம்பிதான் பொறுமையாகப் பார்த்தான். அப்பத்தான் தெரிந்தது, நம்ம பேரில் நியாயமாக அனுப்புகிற லாரி மூணு இருக்கு. மெயில் ஒன்று, வெப்சைட் ஃபாரம் ஒன்று, திருவிழா அறிக்கை அனுப்ப வைத்திருக்கும் சேவை ஒன்று. போட்டோஸ்டாட் மெஷின் மெயில் வழியாகவே போகும்படி மாற்றினோம். மூணையும் லிஸ்டில் சேர்த்து, சீல் போட்டு, அப்புறம் ஓரமா நிறுத்து, அப்புறம் திருப்பி அனுப்பு. டிலிட் ஃபில்டரை எடுத்துவிட்டோம். இப்போ நம்ம பேரைத் திருடிய மெயில் வாசலிலேயே நிற்குது, உபய ஃபாரம் உள்ளே வருது.

இதில் இன்னொரு லாபமும் இருக்கு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகிளும் யாஹூவும் கண்டிப்பாகிவிட்டார்கள். அனுப்புகிற எல்லாருக்கும் லிஸ்டோ சீலோ ஒன்றாவது இருக்கணும், ஒரே நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூணுமே இருக்கணும். நம்ம தைப்பூச அறிக்கை வரலை, ஸ்பேமில் கிடந்தது என்று போன தடவை சொன்னீங்களே, அதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சொந்தமாக ஜிமெயில் முகவரி வைத்திருப்பவர்கள் இந்த லிஸ்ட், சீல் வேலை எதுவும் செய்ய வேண்டாம், அது கம்பெனி வேலை. நீங்கள் செய்யக் கூடாதது ஒன்றுதான், நாங்கள் செய்த மாதிரி உங்கள் சொந்த முகவரியையே டிலிட் ஃபில்டரில் போடுவது. உங்களுக்கு நீங்களே அனுப்பி வைத்த ஐசி நகலும் பேங்க் பேப்பரும் சேர்ந்து போகும். ரிப்போர்ட் ஃபிஷிங் என்பதை அழுத்திவிட்டு விடுங்க. பதில் போடாதீங்க.

இது எல்லாவற்றையும் தடுக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நம்ம டொமைனை அப்படியே எழுதினால் மட்டும்தான் ஜாகா நிறுத்துவார். ஒரு எழுத்து மாற்றி வேறு டொமைன் வாங்கினாலோ, வேறு முகவரியில் பேரை மட்டும் கோயில் பேராகப் போட்டாலோ அது உள்ளே வரும். கைப்பேசியில் பேர் மட்டும்தான் பெரிசாகத் தெரியும், அந்தப் பேரைத் தட்டி முகவரியைப் பாருங்க. கும்பாபிஷேகத் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு கியூ.ஆர். படத்தோடு மெயில் வந்தால், ஸ்கேன் பண்ணியதும் பணம் அனுப்புவதற்கு முன்னால் யார் கணக்கு என்று பேர் காட்டும். அது கோயில் பேராக இருக்கணும். தலைவர் பேரோ எங்கள் பேரோ இருந்தால் கூட அனுப்பாதீங்க. ஏற்கெனவே அனுப்பிவிட்டால் வெட்கப்படாமல் உடனே 997-க்குப் போன் பண்ணுங்க, பேங்குக்கும் சொல்லுங்க, போலீஸ் ரிப்போர்ட் போடுங்க. முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

மே மாசம் பாதியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை வெப்சைட்டில் உபயம் பதிந்தவர்கள், எங்களிடமிருந்து போன் வராதவர்கள், தயவுசெய்து கவுண்டரில் வந்து சொல்லுங்க. ஃபாரம் காட்ட வேண்டாம், உங்கள் வார்த்தை போதும். இனிமேல் பதிகிறவர்களுக்கு 'கிடைத்தது' என்ற செய்திக்குப் பிறகு இரண்டு நாளில் கையால் எழுதிய ரசீது எண்ணோடு ஒரு தொண்டூழியர் போன் பண்ணுவார். எண் வரலைன்னா பதிவு இல்லை என்று எடுத்துக்கொண்டு எங்களைத் திட்டலாம். ஈப்போ குடும்பத்துக்கு அடுத்த வருஷ ஆடி மூணாவது வெள்ளியை இப்பவே நோட்டில் எழுதியாச்சு, பேனாவில்.